இதய அறுவையின்போது குழந்தையின் மூளை

பிறக்கும் 1,000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அறைகளுக்கு இடையே உள்ள ஓட்டை, குறுகிப்போன பெருநாடி, இடம் மாறி முளைத்த பெருங்குழாய்கள், வளராமலே நின்றுவிட்ட இடக் கீழறை என்று குறைகள் பலவிதம். சில ஓட்டைகள் குழந்தை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்கின்றன. சிலவற்றுக்கு மருந்து போதும். மீதியை அறுவை சிகிச்சையில்தான் சரிசெய்ய வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே அது நடந்தாக வேண்டும். அந்த மணிநேரங்களில் அறுவை மருத்துவரின் கண்ணும் கையும் இதயத்தில் இருக்கும். அதே நேரத்தில் மூளைக்குப் போதுமான ரத்தம் போகிறதா, ஆக்ஸிஜன் கிடைக்கிறதா, அதன் மின்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மூளைக் கண்காணிப்பு.

இதற்குத் தனிக் கருவிகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். விழித்திருக்கும் குழந்தையின் மூளைக்குக் குறை நேர்ந்தால் அது முகத்தில் தெரியும்: கண் செருகும், கை கால் துவளும், அழுகை மாறும். அறுவை மேசையில் இந்த அடையாளங்கள் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. மயக்க மருந்து நினைவை நிறுத்திவிடுகிறது. தசைத் தளர்வு மருந்து அசைவை நிறுத்திவிடுகிறது. வலிப்பே வந்தாலும் ஒரு விரல்கூடத் துடிக்காது. இதயம் நிறுத்தப்பட்ட பிறகு நாடித்துடிப்பும் இல்லை, ஈ.சி.ஜி. கோடு நேராகக் கிடக்கும். ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ரத்தப் பரிசோதனை ஆகியவை உடம்பின் பொதுநிலையைச் சொல்லும். மூளைக்குள் நடப்பதை அவை நேராகச் சொல்வதில்லை. கையிலுள்ள தமனியில் அழுத்தம் சரியாக இருக்கும்போதே மூளை ஆக்ஸிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கக்கூடும்.

பச்சிளம் குழந்தையின் மூளை அத்தகைய தவிப்பைத் தாங்கும் உறுப்பு அல்ல. 3 கிலோ எடையுள்ள குழந்தையின் மூளை சுமார் 350 கிராம் இருக்கும். அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். வளர்ந்தவர்களுக்கு அது ஐம்பதில் ஒரு பங்குதான். பச்சிளம் குழந்தை ஓய்வில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை படரத் தொடங்கும் பருவமும் இதுதான். அந்த உறையை உருவாக்கும் இளம் செல்கள் ஆக்ஸிஜன் குறைவைத் தாங்கமாட்டாதவை. அவை இறந்தால் மூளையின் வெண்பகுதியில் காயம் ஏற்படுகிறது. நடை, பேச்சு, கவனம், திட்டமிடும் திறன் எல்லாம் அந்த வெண்பகுதியின் வழியாகப் போய்வரும் செய்திகளை நம்பியிருப்பவை. அதனால் முதல் வாரத்தில் ஏற்படும் காயம் பள்ளி வயதில்தான் முழுதாக வெளிப்படுவதும் உண்டு.

இதய அறுவையின் வரலாற்றில் மூளை தொடக்கத்திலிருந்தே குறுக்கே நின்றது. இயல்பான வெப்பநிலையில் ரத்தம் நின்றுபோனால் மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் இதயத்தைத் திறந்து, தைத்து, மூட முடியாது. 1952 செப்டம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ், 5 வயதுச் சிறுமியின் உடலைச் சுமார் 28 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை 5 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிறுத்தி, மேலறை ஓட்டையை அடைத்தார். குளிர்ந்த மூளைக்கு ஆக்ஸிஜன் தேவை குறைவு என்பதுதான் அதன் அடிப்படை. 1953 மே 6ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், தாம் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு 18 வயதுப் பெண்ணுக்கு வெற்றிகரமாக அறுவை செய்தார். அடுத்த ஆண்டு மினசோட்டாவில் வால்டன் லில்லஹை எடுத்த வழி நினைத்தாலே நெஞ்சை உலுக்குவது. குழந்தையின் ரத்தக்குழாயைப் பெற்றோர் ஒருவரின் ரத்தக்குழாயோடு இணைத்து, பெற்றவரின் இதயத்தையும் நுரையீரலையும் கொண்டே பிள்ளையின் மூளையை உயிரோடு வைத்திருந்தார். இந்த முறையில் 45 பேருக்கு அறுவை நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர்.

இயந்திரங்கள் செம்மைப்பட்ட பின் இந்த முறைக்குத் தேவை இல்லாமல் போனது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நியூசிலாந்தின் பாரட்-பாய்ஸ் போன்றோர், கைக்குழந்தையின் உடலை 18 முதல் 20 டிகிரி வரை ஆழமாகக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்திவிட்டு அறுவை செய்யும் முறையைப் பரப்பினர். குழாய்களோ ரத்தமோ குறுக்கிடாத நிலையில், வாதுமைப்பருப்பு அளவுள்ள பாகங்களைக்கூடத் தைக்க முடிந்தது. இறப்பு வேகமாகக் குறைந்தது. பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போனபோது புதிய கேள்வி வந்தது: அந்த நிறுத்தம் அவர்களின் மூளையை என்ன செய்தது?

இதற்குப் பதில் தேடிய ஆய்வுகளில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 1988 முதல் 1992 வரை நடந்ததற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். பெருநாடியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த 171 கைக்குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு ரத்த ஓட்டத்தை முழுதாக நிறுத்தியும், மறுபிரிவுக்கு இயந்திரத்தின் வழியே குறைந்த அளவில் ஓட்டத்தைத் தொடரவிட்டும் அறுவை செய்தார்கள். எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஓட்டத்தை நிறுத்திய பிரிவில் அறுவைக்குப் பின் வலிப்பு அதிகம் காணப்பட்டது. 1 வயதில் உடலசைவுத் திறனிலும் அந்தப் பிரிவு பின்தங்கியது. நிறுத்தம் சுமார் 40 நிமிடத்தைத் தாண்டினால் பாதிப்பு கூடுவதும் பின்னாளில் செய்த கணக்கீட்டில் தெரிந்தது. ஜேன் நியூபர்கர், டேவிட் பெல்லிங்கர், ரிச்சர்ட் ஜோனாஸ் முதலியோர் இந்தக் குழந்தைகளை அத்தோடு விட்டுவிடவில்லை. 4 வயதில், 8 வயதில், 16 வயதில் மறுபடியும் மறுபடியும் சோதித்தார்கள். 16 வயதில் இரண்டு பிரிவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு பிரிவிலும் சேர்த்து 65 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் கூடுதல் கல்வி உதவியோ நடத்தை தொடர்பான உதவியோ பெற்றிருந்தனர். இதயத்தைப் பொறுத்தவரை இவர்களில் பெரும்பாலோர் நலமாக இருந்தவர்கள். இதுபோன்ற முடிவுகள் இதய மருத்துவர்களின் பார்வையை மூளையின் பக்கம் அழுத்தமாகத் திருப்பின.

இயந்திரத்தோடு இணைந்திருக்கும்போது மூளைக்கு எங்கிருந்தெல்லாம் ஆபத்து வரும் என்பதைப் பார்த்துவிட்டால் கருவிகளின் வேலை எளிதில் புரியும். மருத்துவமனைப் பேச்சில் ‘பம்ப்’ என்று அழைக்கப்படும் இந்த இயந்திரம், சிரைகளில் வரும் கருஞ்சிவப்பு ரத்தத்தைக் குழாய் வழியே வாங்கி, ஆக்ஸிஜன் ஏற்றி, பெருநாடிக்குள் திருப்பி அனுப்புகிறது. 3 கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். பம்பின் குழாய்களையும் ஆக்ஸிஜனேற்றியையும் முதலில் நிரப்பத் தேவையான திரவம் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கக்கூடும். வெறும் உப்புநீரால் நிரப்பினால் ரத்தம் பாதியாக நீர்த்துப்போகும் என்பதால் தானமாகப் பெற்ற ரத்தத்தையும் கலக்கிறார்கள். எவ்வளவு நீர்க்கலாம் என்பதிலும் மூளைக்குப் பங்குண்டு. சிவப்பணு விகிதத்தை 20 விழுக்காட்டிலும் 30 விழுக்காட்டிலும் வைத்து ஒப்பிட்ட பாஸ்டன் ஆய்வொன்றில், அதிகம் நீர்த்த பிரிவுக் குழந்தைகள் 1 வயதில் உடலசைவுத் திறனில் பின்தங்கியிருந்தனர். நீர்ப்பு போக, நுண்ணிய காற்றுக் குமிழிகளும் ரத்தத் துணுக்குகளும் மூளைக்குப் போய் அடைக்கலாம். குழாய் பொருத்திய இடம் சற்றே விலகியிருக்கலாம். குளிர்விப்பது சீராக நடக்காமல், உடல் குளிர்ந்தும் மூளை முழுதாகக் குளிராமல் இருக்கலாம்.

கண்காணிப்புக் கருவிகளில் மூத்தது ஈ.ஈ.ஜி. ஜெர்மனியின் ஜேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்கள் மூளைப் புறணியின் மின்துடிப்பை அலைகளாக வரைகின்றன. ரத்தம் குறைந்தால் வேகமான அலைகள் தணிந்து மந்த அலைகள் மேலோங்கும். இன்னும் குறைந்தால் கோடு தட்டையாகும். சிக்கல் என்னவென்றால், மயக்க மருந்தும் குளிரும் அதே விளைவைத் தரும். உடலைக் குளிர்விக்கும்போது அலைகள் மெல்ல மெல்லத் தணிந்து, விட்டுவிட்டு வெடிக்கும் அலைக்கூட்டமாக மாறி, ஆழ்ந்த குளிரில் முழு மௌனத்துக்குப் போகும். அந்த மௌனத்தையே சில மையங்கள் ஓர் அளவுகோலாக வைத்திருக்கின்றன: மூளை போதிய அளவு குளிர்ந்துவிட்டது, இனி ஓட்டத்தை நிறுத்தலாம் என்பதற்கு அது சான்று. மருந்தால் தணிந்ததா, குளிரால் தணிந்ததா, ரத்தக் குறைவால் தணிந்ததா என்று பிரித்தறியப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். வலப்பக்கமும் இடப்பக்கமும் வேறுவேறாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்த ஓட்டத்தின் கோளாறு. மருந்து ஒரு பக்கத்தை மட்டும் தொடுவதில்லை.

இன்று குழந்தைகள் இதய அறுவை அரங்குகளில் பரவலாகக் காணப்படுவது அகச்சிவப்பு ஒளிமானி. இருட்டில் உள்ளங்கையின் அடியில் டார்ச்சை வைத்தால் கை சிவந்து ஒளிர்வதைப் பார்க்காதவர்கள் இல்லை. சிவப்பு ஒளியும் அதையொட்டிய அகச்சிவப்பும் சதையையும் எலும்பையும் ஓரளவு ஊடுருவும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்ஸிஸ், இந்த ஒளி மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் போய்த் திரும்புவதையும், அதைக்கொண்டு அங்குள்ள ஆக்ஸிஜன் நிலையை அறியலாம் என்பதையும் 1977இல் காட்டினார். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் இந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. திரும்பி வரும் ஒளியை அளந்தால் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று கணக்கிடலாம்.

குழந்தையின் நெற்றியில், புருவத்துக்கு மேலே, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாகப் பட்டைச் சென்சார்களை ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஒளி உமிழும் புள்ளி ஒன்றும், அதைப் பெறும் கண்கள் இரண்டும் உண்டு. அருகிலுள்ள கண் பெரும்பாலும் தோலிலும் எலும்பிலும் புகுந்து வரும் ஒளியைப் பெறுகிறது. தள்ளியிருக்கும் கண் மூளை வரை போய்வரும் ஒளியைப் பெறுகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மூளையின் பங்கு கிடைக்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன்மானிக்கு நாடித்துடிப்பு வேண்டும்; இதயம் நின்றிருக்கும்போது அது வேலை செய்யாது. நெற்றிப் பட்டைக்குத் துடிப்பு தேவையில்லை. அது காட்டும் எண்ணில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிரை ரத்தத்துடையது. எனவே மூளை எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்பதையே அது அதிகம் காட்டுகிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு எண் பொதுவாக 60க்கும் 80க்கும் இடையில் இருக்கும். உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைக்கு 50ஐ ஒட்டியே இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு அதுதான் தொடக்கநிலை. ஆகவே மயக்கம் கொடுக்கும் முன்போ கொடுத்த உடனேயோ அந்தந்தக் குழந்தையின் தொடக்க எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து 20 விழுக்காடு இறங்கினால் எச்சரிக்கை என்பது பல மையங்களில் நடைமுறை.

மூன்றாவது கருவி டாப்ளர். 1982இல் ரூன் ஆஸ்லிட், பொட்டெலும்பின் மெல்லிய பகுதி வழியே அல்ட்ராசவுண்டைச் செலுத்தி, மூளையின் நடுத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். கைக்குழந்தையின் பொட்டெலும்பு மெல்லியது. உச்சிக்குழியும் மூடாமல் இருப்பதால் ஒலிக்கு அங்கேயும் ஒரு வாசல் உண்டு. ஒளிமானியால் சொல்ல முடியாத ஒன்றை டாப்ளர் சொல்லும். குமிழியோ துணுக்கோ கடந்து போனால் ஓட்டத்தின் சீரான இரைச்சலுக்கு நடுவே கிறீச்சென்று ஓர் ஒலி கேட்கும். இதயத்தை மூடும்முன் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றும் கட்டத்தில் இந்த ஒலிகள் கூடினால், இன்னும் காற்று மிச்சமிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியும். ஆனால் கருவியின் முனை இம்மி நகர்ந்தாலும் சமிக்ஞை போய்விடும். சின்னஞ்சிறு தலையைச் சுற்றித் துணிகளும் குழாய்களும் நெருக்கும் இடத்தில் அதை மணிக்கணக்கில் நிலையாக வைத்திருப்பது பெரும்பாடு. அதனால் எல்லா மையங்களிலும் இது வழக்கத்துக்கு வரவில்லை.

கருவி எண்ணைக் காட்டும். எண்ணைப் பார்த்து யாராவது ஏதாவது செய்தால்தான் குழந்தைக்கு நன்மை. ஓர் எடுத்துக்காட்டு போதும். பம்பை ஓடவிட்டுச் சில நிமிடம் ஆகியிருக்கிறது. தமனி அழுத்தம் சரி. பம்பின் ஓட்டம் கணக்குப்படி சரி. ரத்தத்தில் ஆக்ஸிஜனும் சரி. நெற்றிப் பட்டைகளின் எண் மட்டும் 68இலிருந்து 60, 54, 48 என்று இரண்டு பக்கமும் ஒருசேர இறங்குகிறது. மயக்க மருத்துவர் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார். இமைகள் லேசாக உப்பி, நிறம் கருத்திருக்கிறது. கழுத்துச் சிரையில் அழுத்தம் ஏறியிருக்கிறது. மேலுடம்பின் ரத்தத்தை வடிக்க மேற்பெருஞ்சிரையில் செருகிய குழாயின் முனை சுவரில் ஒட்டிக்கொண்டோ ஆழமாகப் போயோ வடிகாலை அடைத்துவிட்டது என்பதற்கு இவை அடையாளம். தலையிலிருந்து ரத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் புதிய ரத்தம் உள்ளே போகவும் இடமில்லை. கீழ்ப்பெருஞ்சிரைக் குழாய் தாராளமாக வடிப்பதால் பம்பிலும் குறை பெரிதாகத் தெரிவதில்லை. அறுவை மருத்துவரிடம் சொன்னதும் அவர் குழாயைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு இழுக்கிறார். எண் மெல்ல ஏறத் தொடங்குகிறது. குழந்தை இதய அறுவையில் கையாலேயே திருத்திவிடக்கூடிய பிழைகளில் இது முக்கியமானது. பட்டை இல்லாவிட்டால் இது பல நிமிடங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

ஒரு பக்கத்து எண் மட்டும் இறங்கினால் சந்தேகம் வேறு திசையில் போகும். பெருநாடியில் செருகிய குழாயின் முனை கழுத்துத் தமனி ஒன்றுக்குள் நுழைந்திருக்கலாம், தலை அதிகமாகத் திரும்பியிருக்கலாம், அல்லது பட்டையே கழன்றிருக்கலாம். இரண்டு பக்கமும் இறங்கி, முகமும் இயல்பாக இருந்தால் அழுத்தம், பம்பின் ஓட்டம், ஹீமோகுளோபின் அளவு, மயக்கத்தின் ஆழம், கார்பன் டை ஆக்ஸைடு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கிறார்கள். கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பூட்டும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். சுவாசக் கருவி வேகமாக மூச்சுவிட வைத்தாலே அது குறைந்துபோகும்; வேகத்தைச் சற்றுக் குறைத்தால் எண் தானாக ஏறும். இதே காரணத்தால்தான் கைக்குழந்தையை ஆழமாகக் குளிர்விக்கும் கட்டத்தில் பம்பை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் சில மையங்களில் கார்பன் டை ஆக்ஸைடை வேண்டுமென்றே சேர்க்கிறார். குழாய்கள் விரிந்து, குளிர்ந்த ரத்தம் மூளை முழுவதும் சீராகப் பரவும்.

இப்படி ஈ.ஈ.ஜி., ஒளிமானி, டாப்ளர் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்திய அனுபவத்தை அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த எர்ல் ஆஸ்டின் குழுவினர் 1997இல் வெளியிட்டனர். 250 குழந்தைகளில் 176 பேரிடம், அதாவது 70 விழுக்காட்டினரிடம், கவனிக்கத்தக்க மாற்றம் ஏதாவது ஒன்று அறுவையின்போது தெரிந்தது. அவர்களில் 130 பேருக்கு உடனே ஏதாவது திருத்தம் செய்யப்பட்டது. 46 பேருக்குச் செய்யப்படவில்லை. திருத்தம் செய்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், செய்யாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் வலிப்பு, அசைவுக் குறை, பார்வை அல்லது பேச்சுக் குறை போன்ற வெளிப்படையான பாதிப்பு ஏற்பட்டது. மாற்றமே தெரியாதவர்களில் அது 7 விழுக்காடு. குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல இது. எனவே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் திருத்தத்துக்குப் பின் விழுக்காடு மாற்றமே இல்லாதவர்களின் அளவுக்கு இறங்கியது என்பது மருத்துவ உலகைப் பலமாக ஈர்த்தது.

பெருநாடி வளைவையே திருத்த வேண்டிய அறுவைகளில் சிக்கல் கூடுகிறது. இடப்பக்க இதயம் வளராத குழந்தைக்குச் செய்யும் முதல்கட்ட அறுவை அப்படிப்பட்டது. மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் அந்த வளைவிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால் வளைவைத் தைக்கும்போது வழக்கமான ஓட்டம் சாத்தியமில்லை. முழு நிறுத்தத்தைத் தவிர்க்க, வலக் கைக்கும் வலக் கழுத்துக்கும் பிரியும் தமனி வழியாக மூளைக்கு மட்டும் ரத்தம் செலுத்தும் முறை பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. இடப்பக்க மூளை, மூளையடியில் உள்ள தமனி வளையத்தின் வழியே வரும் பங்கை நம்பியிருக்க வேண்டும். அந்தப் பங்கு வந்து சேர்கிறதா என்பதை இட நெற்றிப் பட்டை காட்டுகிறது. இந்த முறை முழு நிறுத்தத்தைவிட நிச்சயம் சிறந்தது என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட குலுக்கல் ஆய்வில் 1 வயதுக் குழந்தைகளிடம் அப்படியொரு மேன்மை தெரியவில்லை.

மீண்டும் சூடேற்றும் கட்டமும் அமைதியான ஒன்றல்ல. விரைவில் முடிக்கும் அவசரத்தில் வேகமாகச் சூடேற்றினால், மூளைக்கு நேராகப் போகும் ரத்தம் உடம்பின் மற்ற பகுதியைவிடச் சூடாகிவிடும். காயப்பட்ட மூளைக்குக் காய்ச்சல் மிகவும் கெடுதல். அதனால் மலக்குடல் வெப்பமானி ஒன்றை மட்டும் நம்பாமல், மூக்கின் பின்புறத்திலும் வெப்பத்தை அளந்து, 37 டிகிரியைத் தாண்டவிடாமல் படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

அறுவை முடிந்து குழந்தை ஐ.சி.யூ.வுக்கு வந்ததும் பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். மூளையைப் பொறுத்தவரை அடுத்த 48 மணிநேரம் அறுவை மேசையைப் போலவே கவனம் கேட்பது. இதயம் சோர்ந்து அடிக்கும் நேரம் அது. மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம். வலிப்பு வருவதும் பெரும்பாலும் இப்போதுதான். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் அறுவைக்குப் பின் தொடர் ஈ.ஈ.ஜி. வைத்துக் கண்காணிக்கப்பட்ட 161 பச்சிளம் குழந்தைகளில் 13 பேருக்கு வலிப்பு பதிவானது. அந்த 13 பேரில் 11 பேருக்கு வெளியில் ஓர் அறிகுறியும் இல்லை. திரையில் அலை மட்டுமே அதைக் காட்டிக்கொடுத்தது. தூக்க மருந்தில் அமைதியாகக் கிடக்கும் குழந்தை உண்மையில் மணிக்கணக்காக வலிப்பில் இருக்கலாம் என்பது எந்தச் செவிலியரையும் கலங்க வைக்கும் செய்தி. அமெரிக்க மருத்துவ நரம்பு உடலியங்கியல் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பம்ப் உதவியோடு அறுவை செய்துகொண்ட பச்சிளம் குழந்தைகளைத் தொடர் ஈ.ஈ.ஜி. தேவைப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. முழு ஈ.ஈ.ஜி.யும் அதைப் படிக்கும் வல்லுநரும் இரவு பகலாகக் கிடைக்காத மருத்துவமனைகளில், 2 அல்லது 4 மின்வாய்களோடு அலைகளைச் சுருக்கிப் பட்டையாகக் காட்டும் எளிய கருவி கைகொடுக்கிறது. சிறிய, குறுகிய வலிப்புகள் அதில் தப்பிவிடலாம். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

மூளைக் காயத்துக்கெல்லாம் பம்பின் மேல் பழி போடுவது நியாயமாகாது. எம்.ஆர்.ஐ. வந்த பின் தெரிந்த பெரிய உண்மை இது. கடுமையான இதயக் குறையோடு நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை அறுவைக்கு முன்பே படமெடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வொன்றில், சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏற்கனவே மூளையில் காயம் இருந்தது. இத்தகைய குழந்தைகளின் மூளை முதிர்ச்சி ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கியிருப்பதை ஃபிலடெல்ஃபியா மருத்துவர்கள் 2009இல் காட்டினார்கள். கருவிலேயே இதயக் குறையால் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் போவது அதற்கு ஒரு காரணம். சில குழந்தைகளுக்கு மரபணுக் காரணமும் சேர்கிறது. ஆகவே முதல் எண்ணைக் குறித்துக்கொள்வதும், வாய்ப்புள்ள இடத்தில் உச்சிக்குழி வழியே ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துவைப்பதும் பின்னால் வருவதை அளக்கத் துணைசெய்கின்றன.

ஒளிமானியின் வரம்புகளையும் மறைக்க வேண்டியதில்லை. அது நெற்றிக்குப் பின்னால் சுமார் 2 செ.மீ. ஆழத்தில் சிறிய பகுதியை மட்டும் பார்க்கிறது. மூளையின் பின்பகுதியும் ஆழத்திலுள்ள முடிச்சுகளும் அதன் பார்வைக்கு அப்பால். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே குழந்தைக்கு வேறுவேறு எண் காட்டக்கூடும். எண் இறங்காமல் காத்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஐயமின்றி நிறுவிய பெரிய குலுக்கல் ஆய்வு இதய அறுவைத் துறையில் இன்னும் இல்லை. இதயக் குறை இல்லாத, மிகக் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளிடம் இதே ஒளிமானியைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2023இல் வெளியானது. இறப்போ கடுமையான மூளைக் காயமோ அதனால் குறையவில்லை. அறுவை அரங்கின் நிலைமை வேறு: குழாய் விலகல் போல ஒரே நொடியில் கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய காரணங்கள் அங்கே நிறைய உண்டு. அதனால்தான் உறுதியான சான்றுக்குக் காத்திராமல் பல மையங்கள் பட்டையை ஒட்டுகின்றன. அது நியாயமான முடிவே. தோலைத் துளைக்காத, குழந்தைக்குத் துன்பம் தராத கருவி அது. விலைதான் தடை. ஒரு குழந்தைக்கு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டிய சென்சார் என்பதால், செலவை எண்ணி நடத்தும் மருத்துவமனைகளில் கடினமான அறுவைகளுக்கு மட்டும் அதை ஒதுக்கிவைக்க நேர்கிறது.

கண்காணிப்பு வீட்டுக்கும் தொடர வேண்டும் என்பதை அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. பச்சிளம் பருவத்தில் திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்கள், நீலம் பாரித்த குறையுள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், ஐ.சி.யூ.வில் நெடுநாள் கிடந்தவர்கள் ஆகியோரின் வளர்ச்சியைக் குறிப்பிட்ட வயதுகளில் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் ஆண்டில் கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, அடுத்து பேச்சு, பள்ளி வயதில் கவனம், கையெழுத்து, கணக்கு, சக பிள்ளைகளோடு பழகும் விதம் என்று பார்க்க வேண்டியவை வயதுக்கேற்ப மாறும். பெற்றோர் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ள வேண்டிய விவரங்களும் சில உண்டு: பம்பில் இருந்த நேரம், ரத்த ஓட்டம் நிறுத்தப்பட்டதா, எத்தனை நிமிடம், ஐ.சி.யூ.வில் வலிப்பு பதிவானதா, தலை ஸ்கேனில் என்ன தெரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருந்தால், 3 வயதில் பேச்சு தாமதிக்கும்போது பார்க்கும் மருத்துவர், “பொறுத்துப் பார்க்கலாம்” என்று அனுப்பாமல், அன்றே செவித்திறன் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் எழுதித் தருவார்.